பனிக்கடலின் ஓரத்தில் ஒரு சிவப்புத் துண்டு

அன்புள்ள ரியோஹேக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கும் என் வணக்கம்.

இங்கே கோஜிமாவில் நேற்றிலிருந்து குளிர்காற்று வீசுகிறது. உன் பக்கத்துக் குளிரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இதைக் குளிர் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கம்பளி உள்சட்டை இரண்டு அனுப்பினேனே, கிடைத்ததா? ஆலையில் ஏப்ரலுக்கான பள்ளிச் சீருடை வேலை நெருக்குகிறது. கண் பரவாயில்லை. வலது கட்டைவிரல்தான் மடங்க மறுக்கிறது.

போன பிப்ரவரியில் உன்னைப் பார்க்க நான் அபாஷிரிச் சிறைக்கு வந்ததை உன்னிடம் சொல்லியிருப்பார்கள். பார்வையாளர் அறையில் என் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்து மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டேன். அந்த இளம் அதிகாரி குனிந்து வணங்கி, "அவருக்கு விருப்பம் இல்லைங்கிறாரும்மா. நாங்க கட்டாயப்படுத்த முடியாது" என்றார். சொல்ல அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. உன்மேல் கோபம் வரவில்லை. திரும்பும் விமானம் மறுநாள்தான், அதுவரை எங்கே போவது என்றுதான் யோசித்தேன்.

கடற்கரைக்குப் போனேன். வடக்கிலிருந்து மிதந்து வந்த பனிக்கட்டிகள் கரைவரை அடைத்துக் கிடந்தன. தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது, கிட்டப் போனால் சாம்பல், பழுப்பு, விரிசலுக்குள் பாட்டில் கண்ணாடி போன்ற பச்சை. ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் சுற்றுலா வந்த கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஒருத்தி கேட்காமலே படம் எடுத்துக் கொடுத்தாள். ரயில் நிலையத்துக் கடையில், சிறைக்குள் இருப்பவர்கள் செதுக்கும் மரப்பொம்மைகள் விற்றார்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எதில் உன் கை பட்டிருக்கும் என்று பார்த்தேன். தெரியவில்லை. நான்கு வாங்கினேன்.

இனி எழுதப்போவதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பல நாள் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை போகும் ஒட்டுத்துணித் தையல் வகுப்பில் நான் சுற்றுலா போய்வந்ததாகச் சொல்லியிருந்தேன். பொம்மைகளைக் கொடுத்தேன், படத்தைக் காட்டினேன். கூடத் தைக்கும் மிசாவோ சிரித்து, "புருஷனும் இல்ல, பிள்ளையும் ஒசாகாவுல. இவளுக்கென்ன, மகாராணி மாதிரி சுத்துறா!" என்றாள். நீ இன்னும் ஒசாகாவில் வேலை பார்ப்பதாகத்தான் அவர்களுக்கு நினைப்பு. ஆசிரியை ஒக்காபே அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, நவம்பர் கண்காட்சிக்கு இந்தக் கடலையே போர்வையாகத் தைக்கச் சொன்னார். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

ஆலையில் வெட்டி ஒதுக்கும் ஜீன்ஸ் துணியைக் கடலுக்கு எடுத்துக்கொண்டேன். பனிக்கு உன்னுடைய பழைய பள்ளிச் சட்டைகளை வெட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குப் பழுப்பேறியிருந்ததால் அதே நிறங்கள் அமைந்துவிட்டன. மரப்பொம்மைகளின் உடலில் இருக்கும் கோடுகளை ஓரம் முழுக்கத் தையலாக ஓட்டினேன். எட்டு மாதம் ஆயிற்று. ஆசிரியை பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு சுமியே. ஆனா எதையோ விட்டுட்டீங்க. கண்ணு இந்த மூலைக்குப் போய் வெறுங்கையோட திரும்புது" என்றார். அந்த மூலையில் எது இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் போர்வையைத் தொடவில்லை. பிறகு செங்கல் நிறத் துணியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மதில் வெட்டித் தைத்தேன்.

கண்காட்சியின் முதல் நாள் நல்ல கூட்டம். மிசாவோ அந்த மூலையில் விரல் வைத்து, "இதென்ன, கிடங்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எட்டு மாதம் குத்திக் குத்தித் தைத்ததில் பொய் சொல்லும் தெம்பு போய்விட்டதோ என்னவோ, "சிறைச்சாலை. என் மகன் உள்ளே இருக்கிறான்" என்றேன். என்ன செய்தான் என்று கேட்டாள். முன்பின் தெரியாத வயதான பெண்களுக்குத் தொலைபேசியில் "அம்மா, நான்தான்" என்று அவர்கள் மகன் மாதிரிப் பேசிப் பணம் பறித்தான், சிறைக்குப் போனது இது இரண்டாவது தடவை என்றேன்.

மிசாவோவுக்கும் நான்கு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு அழைப்பு வந்தது உனக்குத் தெரியாது. கணவர் விட்டுப்போன பணத்தையெல்லாம் வாசலுக்கு வந்த ஒரு ஆளிடம் உறையில் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சொந்த மகனே அவளிடம் சரியாகப் பேசுவதில்லை.

அவள் கத்தவில்லை. போர்வையைப் பார்த்தபடியே, "உன் பிள்ளையோட குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவளே சொன்னாள்: "எனக்கு வந்த குரல் சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. 'அம்மா, சாப்டியா?'ன்னுதான் முதல்ல கேட்டுச்சு. என் மகன் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல. அதுலதான் ஏமாந்தேன்."

உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு அடைப்பு. வேலைக்குப் போன பிறகு நீ கூப்பிட்ட சில தடவையும் முதலில் என்ன கேட்டாய் என்று எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை ஆசிரியை போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பார்க்க வருகிறவர்கள் ஏதாவது பேசுவார்கள் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் கேட்டார். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

போன ஞாயிறு மிசாவோ வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், செருப்பைக் கழற்றவில்லை. "எத்தனையோ பேர் அந்த வேலை பாக்குறாங்க, உன் பிள்ளையா இருக்கணும்னு இல்ல. ஆனா தெரியாம என்னால உன் முகத்தப் பாக்க முடியல. நீ போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள். கேட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் ஒன்பது பேரின் பெயரை வாசித்தார்கள். வாசிக்காத பெயர்கள் உனக்கு மட்டும்தான் தெரியும். இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே. எழுத்தில் பார்த்தால் நான் நம்பமாட்டேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி வருகிறேன். காலை முதல் ஆளாகச் சீட்டு வாங்கிவிடுவேன். இந்தத் தடவை எழுந்து வா. நீ இல்லை என்று சொன்னாலும் சரி, ஆமாம் என்று சொன்னாலும் சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல். நான் அழமாட்டேன். ஆமாம் என்றால் திரும்பி வந்து மிசாவோவின் வாசலில் நிற்க வேண்டியவள் நான்தான், நின்றுகொள்கிறேன். அதற்கப்புறமும் அடுத்த தேதிக்கு மனுக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன்.

மூக்கடைப்புக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள். கொடுக்கிறதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா சுமியே