சோபனா வூட்டுத் தண்ணி

ஏங்க,

அரூர்ல இருந்து பசியோட வருவீங்க. களி கிண்டி மூடி வெச்சிருக்கேன், கீரைக் கடைசல் அடுப்பு மேல இருக்கு.

காலையில பின்வூட்டு சோபனா கைக்குழந்தையோட குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. நம்ம தெரு சங்கக் கூட்டத்துல உங்களைக் கேள்வி கேட்டுச்சுன்னு, தலைவர்ங்கற அதிகாரத்துல நீங்கதான் அவங்க வூட்டுத் தண்ணி லைனை மூடுனீங்களாம். பைப் ரிப்பேருன்னு நீங்க சொன்னதை நம்பி, நானும் தெருவுல அப்படியே சொல்லிட்டிருந்தேன்.

"நெசமாவே உங்களுக்குத் தெரியாதாக்கா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. கூசிப்போச்சுங்க. குடம் நிறையற வரைக்கும் அது மூஞ்சியைப் பாக்க முடியல.

உங்களைப் பதவியில இருந்து இறக்கணும்னு கோயில்கிட்ட கையெழுத்து வாங்கறாங்க. நானும் போடத்தான் போயிருக்கேன். வேற ஆளு சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கேன். போட்டுட்டு நேரா வூட்டுக்குத்தான் வருவேன். கோவம்னா என்கிட்டயே திட்டுங்க, சோபனாகிட்ட போகாதீங்க.

கலைமணி

மறந்துட்டேன், சங்கச் செயலாளர் சாயங்காலம் உங்களைப் பாக்க வர்றாராம்.

இன்னொண்ணு. பீரோவுல நீங்க ஒளிச்சு வெச்ச அவங்க லைன் வால்வு சாவியை டிவி மேசையில வெச்சிருக்கேன். நானே போய்த் திறந்திருப்பேன். ஆனா நீங்க திறந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.