அப்படி ஒரு யூசர் இல்லை

இன்று காலை சர்வர் ரூமில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். தூசியோடு கொஞ்சம் சோம்பும் விழுந்தது. உன்னுடையதுதான், வேறு யார் இங்கே சோம்பு மென்றுகொண்டே வேலை பார்ப்பது? கூட்டித் தள்ள மனசு வரவில்லை.

மருந்து குடோனின் இந்த சர்வர் மெஷினை நாம் இரண்டு பேரும்தானே பார்த்துக்கொண்டோம். உனக்குப் பகல், எனக்குச் சாயங்காலம். "நான் மேல வர்ற கேஜ், நீ கீழ போற கேஜ். மூஞ்சியக்கூடப் பாக்க முடியலயே" என்பாய். சுரங்கத்தில் ஆள் ஏற்றி இறக்கும் அந்தக் கூண்டில் போய்வந்த உன் அப்பா, அடுத்த ஷிப்ட் ஆளிடம் விஷயத்தைச் சொல்லாமல் மேலே வரவே மாட்டாராம். அந்தப் பழக்கம் உனக்கும் இருந்தது. கிளம்பும்போது எனக்கு ஒரு மெயில் எழுதி வைப்பாய், நானும் கிளம்பும்போது உனக்கு ஒன்று.

அதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். மெயிலை வாங்குகிற புரோகிராம், அந்தப் பெயர் இந்த மெஷினில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், கொண்டு சேர்க்கிற புரோகிராமிடம் கொடுக்கும். அது என் பெயரிலுள்ள ஃபைலின் கடைசியில் சேர்த்துவிட்டுப் போய்விடும். நான் லாகின் செய்ததும் மெயில் இருக்கிறதென்று ஒரு வரி வரும். திறந்தால், இங்கிலீஷ் எழுத்தில் உன் தமிழ்: "இன்னா, சாப்ட்டியா? பிரின்டர் மக்கர் பண்ணுது, பாத்துக்கோ."

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாளும் உனக்கு எழுதினேன். உன் பெயர் இருந்ததால் மெஷின் வாங்கிக்கொண்டது. பிறகு தினமும் எழுதினேன். உன் இடத்துக்கு ஆள் போடவில்லை, இப்போது பகலும் நான்தான். பேச ஒருத்தரும் இல்லை. ரொம்பத் தனிமையாக இருக்கிறது. எழுதியது உன் பெயரில் போய்ச் சேருகிறதே, அது போதும் என்றிருந்தேன்.

போன வாரம் புது மேனேஜர், "மேடம், அவங்க அக்கவுன்ட் இன்னும் எதுக்கு? சேஃப் இல்ல, எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மெஷினிலிருந்து உன் பெயரை நானே எடுத்தேன். சாயங்காலம் கை பழக்கத்தில் உனக்கு எழுதிவிட்டது. உடனே திரும்பி வந்தது: அப்படி ஒரு யூசர் இல்லை. கல்லறையில் அழாதவள், அந்த வரியைப் பார்த்து அழுதேன்.

இல்லாத பெயருக்கு வரும் மெயிலை யாரிடம் சேர்க்கவேண்டும் என்று சொல்லிவைக்க ஒரு ஃபைல் உண்டே, அதில் உன் பெயருக்கு நேராக என் பெயரைப் போட்டேன். இப்போது எதுவும் திரும்பி வருவதில்லை. லாகின் செய்ததும் மெயில் இருக்கிறதென்று வருகிறது. ஒரு நொடி நீதான் என்று நம்பிவிடுகிறேன். திறந்தால் நான். உனக்கென்று எழுதியதை இனி நான்தான் படிக்க வேண்டும், படிக்கிறேன்.