ஜாகோங் இளைத்த கதை

அடிப் பாவி,

இன்று காலை நம் மலையூர் கியா பார்மில் நல்ல மழை. நம் பூக்கடையின் பின்புறம் ஆணியில் தொங்கும் உன் மழைக்கோட்டை முதல் முறையாகக் கையில் எடுத்தேன். நீ போய் ஏழு வாரம் ஆகிறது. அதைத் தொட இதுவரை மனம் வரவில்லை. எடுத்த மாத்திரத்தில் நம் நாய் ஜாகோங் வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நேராக வலது பைக்குள் மூக்கை நுழைத்தான். உள்ளே எண்ணெய் ஊறிய பழுப்புக் காகிதம். அதில் நம் ஊர்ப் பரோட்டாவான ரொட்டிச் சானாயின் காய்ந்த துணுக்குகள், ஒட்டிக்கிடந்த சீனி.

அவனை நீ தேயிலைச் சரிவில் கண்டெடுத்தபோது கைக்குள் அடங்குகிற குட்டி. அவித்த சோளத்தின் நிறம் என்பதால் மலாயில் சோளத்தின் பெயரையே வைத்தாய். ஏழாம் மாதத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல்போலத் தாவ ஆரம்பித்தான். நாம் இருவரும் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். ஒரு குளிர்காலையில் எழ முடியாமல் முனகியபோதுதான் பயந்துபோய், காய்கறி லாரியில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டு குழியில் சரியாகப் பொருந்தவில்லை என்றார் மிருக டாக்டர்.

"வளர்ற நாயி. மருந்தவிட எடைதான் முக்கியம். தடவுனா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். மூணு மாசத்துல இளைக்கலன்னா ஆபரேஷன்தான். அதுவும் சரியா வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். வீடு வரும்வரை அவன் தலையை நீ மடியிலேயே வைத்திருந்தாய்.

பிறகு நாம் பட்ட பாடு! திரிங்காப் பூப்பண்ணையில் கெஞ்சி வாங்கிய பழைய ரப்பர் விரிப்பை, அவனுக்குக் கால் வழுக்கக் கூடாது என்று, உன் எஸ்டேட் லைன் வீட்டுச் சிமென்டுத் தரை முழுக்க விரித்தாய். படிகளில் அவனைத் தூக்கிக்கொண்டே ஏறி இறங்கினாய். ஓடக் கூடாது, தாவக் கூடாது. புல்லில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலு தடவை நடை. குளிர் கடுமையான காலைகளில் வெந்நீரில் பிழிந்த துணியால் இடுப்பில் ஒத்தடம் கொடுத்து, விரல்நுனியால் மெல்லப் பிடித்துவிடுவாய். சாப்பாடு என் பொறுப்பு. கொஞ்சம் சோறு, உப்பில்லாமல் அவித்த மீன், பூசணி, எல்லாம் கிண்ணத்தில் அளந்துதான். உன் முட்டிவலி மாத்திரையில் பாதியை அவனுக்குக் கொடுக்கலாமா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "மனுச மருந்து நாய்க்கு வெசம்டி! டாக்டர் சொன்னது காதுல விழலியா?" என்று கடையே அதிரக் கத்தினாய். அவ்வளவு கவனம் உனக்கு.

திங்கட்கிழமைதோறும் முட்டைக்கோஸ் நிறுக்கும் பக்கத்துக் கடைத் தராசில் அவனை நிறுப்போம். எடை குறையவே இல்லை. "தராசு பழசு லா. மழத் தண்ணி பட்டு துரு புடிச்சிருக்கு" என்றாய். உன்னை நம்பிப் புதுத் தராசே வாங்கினேன். அதுவும் அதே எடையைக் காட்டியது. கிண்ணத்தில் இன்னும் குறைத்தேன். "பட்டினி போட்டே கொன்னுருவ போல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். என் அளவில்தான் ஏதோ தப்பு என்று குழம்பிப்போனேன். டாக்டர் கொடுத்த கெடுவில் பாதி போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை கடை நிறையக் கூட்டம். சாமந்திக் கட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த நீ குனிந்தாய். நாயைக் கொஞ்சத்தான் குனிகிறாய் என்று நினைத்து, "போதும்டி, நீ கொஞ்சுனாலே அவனுக்கு எடை ஏறுது" என்று கேலி செய்தேன். நீ எழவில்லை. உனக்குச் சர்க்கரை இருந்தது தெரியும். இதயம் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் என்று யார் கண்டது? இப்போதும் கடையில் யாராவது குனிந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜாகோங்கை நான் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அடுத்த திங்களே எடை இறங்கியது. துக்கத்தில் இளைக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் கிண்ணத்தைக் கழுவிவைத்தாற்போல் தின்றான். வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று அந்தக் காகிதத்தோடு மழையிலேயே சாலை முனை ரொட்டிக்கடைக்குப் போனேன். கடைக்காரப் பாய் என்னோடு வந்த நாயைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் ரெண்டு மாசம் ஊருக்குப் போய்ட்டு நேத்துதான் திரும்புனேன். எங்க, உங்க கூட்டாளி ஆளையே காணோம்? அவங்களும் ஊருக்குப் போய்ட்டாங்களா?"

"அவ தினம் இங்க வருவாளா பாய்?"

"நீங்க கட தொறக்கறதுக்கு முன்னாடியே வந்துருவாங்க லா. சீனி போட்டு ரெண்டு ரொட்டி. அவங்களுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு. உங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

நீ இறந்துபோனதைச் சொன்னேன். கையிலிருந்த மாவைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

திருடி! ஒரு கையால் ஒத்தடம் கொடுத்து, மறுகையால் சீனி ஊட்டியிருக்கிறாய். அவனுக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முடியவில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தினம் உன் தோசையைப் பிய்த்து என் கையில் திணித்தவள் நீ. "பாத்துக்கிட்டு இருக்கறப்போ குடுக்காம எப்படிடி முழுங்கறது?" என்பாய். அன்று தின்றவள் நான், இன்று எந்த வாயால் உன்னைத் திட்டுவது? நாயின் விலாவைத் தினம் தடவிப் பார்த்தேனே, நீ என்ன தின்கிறாய் என்று ஒருநாள் பார்த்தேனா?

போன வாரம் ஈப்போ டாக்டர் அவனைப் பிடித்துப் பார்த்து, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "என்னா செஞ்சீங்களோ, அதையே செய்ங்க" என்றார். நான் எதையும் புதிதாகச் செய்யவில்லையே என்று விழித்தேன்.

மழை விட்டதும் அவனைப் புல்லில் நடத்திக் கூட்டிவந்தேன். பின்னங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்து, நல்ல நாயாக நடக்கிறான். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. எப்படிச் சொல்வேன்? ஜாகோங் நடக்கிறான். நீ இல்லாததால்தான் நடக்கிறான். இந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் என்னடி செய்வேன்?