வைரப் படியில் இருக்கும் தம்பிக்கு

க்ஸீரா, மால்டா
நவம்பர் 11

அன்புள்ள இல்க்காவுக்கு,

அக்கா மெர்வி எழுதுவது. நீயும் சாத்துவும் குழந்தை ஹெல்காவும் நலமாக இருக்க வேண்டும். நம் ஊர் கூபியோவில் ஏரி உறைய ஆரம்பித்துவிட்டதாகச் சாத்து சொன்னாள். இங்கே இன்னும் சன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன். தூக்கம்தான் வரவில்லை.

போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். நானும் பாதியில் போனை வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். சாத்து பக்கத்தில் இல்லாதபோது படி.

ஒன்பது வருஷமாக நான் பார்த்த வேலை உனக்கு முழுசாகத் தெரியாது. வாடிக்கையாளர் சேவை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடும் நம் ஊர்க்காரர்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தச் சேவை. எங்கள் நிறுவனத்துக்கு நாலு பெயரில் நாலு தளங்கள். நீ ஆடுவது அதில் ஒன்று என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன நடுக்கோடைப் பண்டிகையில் சவுனா நீராவிக் குளியலை முடித்து வெளியே வந்ததும் நீ என் காதோடு சொன்னாய்: "அக்கா, போக்கர்ல நான் இப்ப வைரம், தெரியுமா? கண்டவனுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வைரம் நன்றாக ஆடுகிறவனுக்குக் கொடுப்பது இல்லையடா. ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையில் சேரும் பணத்தில் ஒரு சின்னத் துண்டை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். யார் அதிகமாக ஆடி அதிகத் துண்டு கொடுக்கிறாரோ அவருக்குத்தான் புள்ளி, படி எல்லாம். எடுத்ததில் கொஞ்சத்தை மாதக் கடைசியில் திருப்பித் தந்து, வெகுமதி என்று பெயர் வைப்போம்.

போன செவ்வாய்க்கிழமை மேலாளர் டானியேலா ஒரு பட்டியலைக் கொடுத்தாள். மூன்று வாரமாக ஆடாதவர்கள். "இந்த மாசத்துக்குள்ள இவங்கள மறுபடி மேசைக்குக் கொண்டு வந்துடு, மெர்வி" என்றாள். ஏழாவது வரியில் உன் பெயர், உன் பிறந்த தேதி.

சொந்தக்காரர் கணக்கைத் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தேன். நீ மோசமாக ஆடுகிறவன் இல்லை, இல்க்கா. மற்றவர்களோடு ஏறக்குறைய சமமாகவே நிற்கிறாய். உன் பணத்தைத் தின்றது எதிரே உட்கார்ந்தவர்கள் இல்லை, நாங்கள்தான். ஐந்து எடுத்து ஒன்று திருப்பித் தந்திருக்கிறோம். அந்த ஒன்றைத்தான் நீ ஜெயித்ததாகச் சாத்துவிடம் காட்டியிருப்பாய்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். செப்டம்பரில் ஹெல்கா பிறந்ததும் நீயாகவே நிறுத்தியிருக்கிறாய். பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் உனக்கு ஒரு மடல் போனது: "உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. வைரப் படி நழுவ இன்னும் நான்கே நாள்." நீ அன்றே வந்து பதினொரு மணிநேரம் ஆடினாய். அன்றைக்கு நான் போன் செய்தபோது, "அவரு கீழ் அறையில தொட்டில சேத்து மாட்டிக்கிட்டு இருக்காரு" என்றாள் சாத்து.

அந்த மடலை எழுதியது நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், யாருக்கோ என்று; அதையே இன்னும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

டானியேலாவிடம் போய், இவன் என் தம்பி, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவள் கெட்டவள் இல்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தாள். "உன் தம்பி கேக்கலயே, மெர்வி. அவரு வாயால கேட்டா இன்னிக்கே மூடிடலாம்" என்றாள். மறுநாள், விதியை மீறியதற்காக என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வருத்தமில்லை. களைப்பாகத்தான் இருக்கிறது.

நீ மறுபடி மூன்று வாரமாக ஆடாமல் இருக்கிறாய்; பட்டியல் இப்போது வேறொரு பெண்ணிடம். மாதக் கடைசிக்குள் உன்னைக் கூப்பிடுவாள். இனிமையாகப் பேசுவாள்; பேசக் கற்றுக்கொடுத்தது நான்தான். போனை எடு. "என் கணக்க மூடிடுங்க, திரும்பத் திறக்கவே வேணாம்" என்று மட்டும் சொல். மறுக்க அவளுக்கு உரிமை இல்லை. உனக்காக நான் சொல்ல முடிந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன்.

சாத்துவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

இருபத்தெட்டாம் தேதி ஊருக்கு வருகிறேன், பெட்டிகளோடு. விமான நிலையத்துக்கு வருவாயா? குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா. என் மேல் கோபம் இருந்தால் அதையும் கொண்டு வா. வந்தால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
மெர்வி