பீர்க்கன்கரணை ஏரியில் ஒரு முதலை

அன்புள்ள அக்கா,

இன்று காலை தாம்பரம் நூலகத்தில் அந்த இரும்பு அலமாரியைத் திறந்ததும் வசம்பு வாசனை குப்பென்று வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க உங்கள் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நீங்கள் செருகி வைத்த வசம்பு. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அது இன்னும் வேலை பார்க்கிறது.

நம் பள்ளியில் நீங்கள் வரலாறு, நான் கணக்கு. பள்ளி விட்டதும் இந்தப் பக்கத்து ஏரிகளின் கதை கேட்கக் கிளம்பிவிடுவீர்கள். என் ஸ்கூட்டர்தான் வாகனம். அப்படிச் சேர்ந்தவை பதினோரு கட்டுகள். நீங்கள் இருந்த கோவிலம்பாக்கம் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது உங்கள் மகன் பிரபு எனக்குப் போன் செய்தான். “ஆன்ட்டி, அம்மா எழுத்து ஒண்ணும் புரியல. பேப்பர்காரருக்குப் போடவும் மனசு வரல” என்றான்.

கட்டுகளைத் தாம்பரம் நூலகத்தில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். நூலகர் மறுக்கவில்லை. “பட்டியல் இல்லாம வாங்கி வெச்சா மூட்டையாவே கிடக்கும் மேடம். எதுல என்ன இருக்குன்னு எழுதிக் குடுத்துடுங்க” என்றார். உங்கள் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். மாத முடிவுக்குள் வீட்டைக் கொடுத்தாக வேண்டும். தினமும் மதியம் போய், வெறுந்தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எழுதினேன்.

ஒன்பதாவது கட்டில் ‘நம்பத் தகாதவை’ என்று ஓர் உறை. உள்ளே முதல் தாளில் இருந்தது என் கையெழுத்து.

ஒரு மழை நாளில், ஏரிக்கரையில் குடியிருந்த மீன்காரரிடம் அந்தக் காலத்தில் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டு வர என்னை அனுப்பினீர்கள். நான் பெருங்களத்தூர் டீக்கடையைத் தாண்டவில்லை. அங்கேயே பஜ்ஜி தின்றுகொண்டு, வெள்ளத்தில் ஏரிக்கு முதலை வந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டீர்கள். தாளின் ஓரத்தில் இப்படி எழுதியிருந்தீர்கள்: ‘சொன்னவர் பெயர் இல்லை. தாளில் எண்ணெய். கற்பனை நன்று.’

காலி வீட்டில் தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது. எத்தனை வருடம் என் பின்னால் உட்கார்ந்து வந்தீர்கள், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பட்டியல் முடிந்தது, கட்டுகள் நூலகம் சேர்ந்தன. ஆனால் அந்தத் தாள் உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணைக்குப் போனேன். மீன்காரர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய மருமகள் இருந்தார். வாசலில் இரண்டாவது படியைக் காட்டி, தண்ணீர் இதுவரை வந்ததாக மாமனார் சொல்வார் என்றார். முதலை பற்றியும் கேட்டேன்.

“முதலையா? யாரு சொன்னது உங்களுக்கு?”

“நான்தாம்மா சொன்னேன்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

சொன்னவர் பெயர், இடம், நாள் எல்லாம் எழுதி ஒரு புதுத் தாளை இன்று கட்டில் சேர்த்துவிட்டேன். பழையதை எடுக்கவில்லை, அது இருந்த உறையிலேயே இருக்கட்டும்.

யார் எதைச் சொன்னாலும், கண்ணால் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா என்று தெரிந்துகொள்ள “பார்த்தியா, கேட்டியா?” என்பீர்களே, அது இப்போது என் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்று மேடவாக்கத்தில் பாலத்தை மூடிவிட்டார்களாம் என்றார் என் கணவர். பார்த்தீங்களா, கேட்டீங்களா என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் விடவில்லை அக்கா. பின்னாலேயே போய், யார் சொன்னது என்று கேட்டேன்.