கிணற்றுக்காரிக்கு எபிசோட் இல்லை

3, திங்கள்

பொந்தியானில் விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டியாயிற்று. ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் போய்விட்டது.

வாங்க: டயப்பர், பிரஷர் மாத்திரை, பெட்டிக்குப் பூட்டு.

அடுத்த வாரம் பினாங்கில் பயிற்சி, ஆறு வாரம். முடித்தால் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அதுவரை அப்பா பெர்மாஸ் ஜெயாவில், அண்ணன் வீட்டில். சரி என்றிருக்கிறான்.

4, செவ்வாய்

கேண்டீனில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் லதா எட்டிப் பார்த்து, "அலமாக், அக்கா! நாப்பது வயசுல கார்ட்டூனா?"

ஜப்பான்காரன் வரைந்த கௌபாய் கதை என்றேன். உலகம் அழிந்த பிறகு நடப்பது. மணலில் பாதி புதைந்த ஊர், துருப்பிடித்த ரயில், துப்பாக்கியோடு ஒருத்தன்.

"அதுல அப்படி என்னக்கா இருக்கு?"

என்ன சொல்ல. அங்கே எல்லாமே போய்விட்டது, இனிப் பறிபோக ஒன்றுமில்லை. யாரும் யாருக்கும் மகளில்லை. வருவான், கிணற்றடியில் ஒருத்தியிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பான், நாலு பேரைச் சுடுவான், போவான். மருந்து கொடுத்தாயா என்று அவனை யாரும் கேட்பதில்லை.

பழக்கிவிட்டது அண்ணன்தான். பசார் மாலாம் இரவுச் சந்தையில் சிடி வாங்கி வருவான். ஒரே பாயில் படுத்துக்கொண்டு பார்ப்போம். கடைசியில் கௌபாய் மணலில் நடந்து போகும்போது அண்ணன் எழுந்து நின்று கைதட்டுவான்.

6, வியாழன்

அண்ணன் போன்.

"கொஞ்சம் கஷ்டம்மா. அண்ணிக்கு உடம்பு முடியல. நானும் தினம் விடியறதுக்கு முன்ன சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பணும். நீ அடுத்த வருஷம் போயேன்."

"அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்கண்ணே."

"உன்ன மாதிரி அப்பாவ வேற யாரால பாத்துக்க முடியும், சொல்லு?"

பாராட்டாம்.

சோறு வடிக்கும்போது தோன்றியது: ஊரைவிட்டுப் போகிறவனுக்குத்தான் பாட்டு, அஸ்தமனம் எல்லாம். தண்ணீர் கொடுத்த கிணற்றுக்காரிக்கு ஓர் எபிசோட்கூட இல்லை. இத்தனை வருடம் நானும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கஞ்சி கையில் கொட்டியது. கொப்புளம்.

9, ஞாயிறு

நல்ல வெயில். அப்பாவைக் காரில் ஏற்றி பெர்மாஸ் ஜெயா. வழியெல்லாம் தூங்கினார்.

கதவைத் திறந்த அண்ணி: "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"ரெண்டு மாசமா சொல்றேன் அண்ணி."

உள்ளேயிருந்து அண்ணன் வந்தான். அவனைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். கோணல் வாயோடு, நன்றாகவே சிரித்தார். இரண்டு வருடத்தில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மாத்திரைப் பை, நேரம் எழுதிய தாள், டயப்பர் இரண்டு கட்டு. மேசையில் வைத்தேன். உட்காரச் சொல்லவில்லை. அப்பாவின் காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட்டேன்.

10, திங்கள்

பினாங்கு பஸ். அண்ணன் ஏழு தடவை கூப்பிட்டான். எட்டாவதை எடுத்தேன்.

"அப்பா சாப்பிட மாட்டேங்கிறாரும்மா. உன் பேரையே சொல்லிக்கிட்டிருக்காரு."

என் பேரையா? பொய்யோ, நிஜமோ. கேட்கவில்லை.

"கஞ்சியில உப்பு கம்மியா போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.