ஆறாம் நம்பர் வாக்கியத்துக்குப் பொருள் கேட்டு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
மாடி வீடு, தபால் நிலையத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
நியமனப் பிரிவு.

பொருள்: மருத்துவமனைப் பரிசோதனைக்கூடப் பணி – என் மகளின் விண்ணப்பம் – ஆங்கிலத்தில் வந்த நம்பிக்கைப் பதில் – ஆம் அல்லது இல்லை எனத் தமிழில் தெரிவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் நான்கு மாதங்களுக்கு முன் மேற்படி பணிக்கு விண்ணப்பித்தாள். பதில் இல்லாததால் நினைவூட்டுக் கடிதம் போட்டாள். சென்ற வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து "தி ப்ராஸ்பெக்ட்ஸ் ஆர் என்கரேஜிங்" என்று பதில் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

2. காரணம், நான் தங்கள் பிரிவிலேயே இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவன். பத்தாம் வகுப்பு வாசற்படியில் கால் இடறியவன். ஆங்கிலம் எனக்கு விரல்வரைதான் வரும், மண்டைக்கு ஏறியதில்லை. அதனால் ஒன்பது ஆங்கில வாக்கியங்களை அட்டையில் எழுதி என் மேசைக்கு நேரே ஒட்டியிருந்தார்கள். தலைமை எழுத்தர் கடிதத்தின் மூலையில் எண்ணை மட்டும் போடுவார். நான் அந்த வாக்கியத்தை அடிப்பேன். அதிகம் வந்தது ஆறு, மேலே சொன்ன அதே வாக்கியம். எனக்குப் பட்டப்பெயரே "ஆறாம் நம்பர்".

3. ஒருநாள் அவரிடம் பொருள் கேட்டேன். "இன்னும் விண்ணப்பக் கட்டையே பிரிக்கலைன்னு அர்த்தம்யா. அப்படியே எழுதினா திட்டுவாங்கல்ல" என்றார். சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

4. அந்த அறை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆறு இயந்திரங்களும் சேர்ந்து அடித்தால் தகரக் கூரையில் மழை பெய்வது போலிருக்கும். மாலையில் பள்ளி விட்டதும் என் மகள் வந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்து, நான் பிழையாக அடித்துக் கசக்கிய தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவாள். விரலெல்லாம் கார்பன் மை. அட்டையைப் பார்த்து, "ஆறாவது என்னப்பா?" என்று கேட்டாள். "நல்லது நடக்கப்போகுதுன்னு அர்த்தம்மா" என்றேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் வேறென்ன சொல்வது? அன்று முதல் அது எங்கள் வீட்டுப் பேச்சானது. குழாயில் தண்ணீர் வந்ததா என்று என் மனைவி கேட்டால், "ப்ராஸ்பெக்ட்ஸ் ஆர் என்கரேஜிங்" என்று மொட்டை மாடியிலிருந்து மகளின் குரல் வரும். தண்ணீர் வந்திருக்காது.

5. இப்போது பக்கத்து ஊர்த் தனியார் பரிசோதனைக்கூடம் அவளை வேலைக்கு அழைத்திருக்கிறது. பதினெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதப்போகிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதான் ஆறாம் நம்பர் வந்திருச்சேப்பா. அர்த்தம் சொன்னதே நீங்கதானே" என்கிறாள். தங்கள் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். கண்ணாடியைப் பார்த்ததும், குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டு வந்தேன். நான் அடித்த ஆறாம் நம்பர் இப்படி எத்தனை வீட்டுக் கண்ணாடிக்கு அடியில் கிடந்ததோ, யார் யார் எந்த வேலையை வேண்டாம் என்றார்களோ, தெரியவில்லை.

6. ஆகவே, பதினெட்டாம் தேதிக்கு முன் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்து, வேலை உண்டு அல்லது இல்லை என்று ஒரே வரியில் தமிழில் எழுதும்படி பணிந்து வேண்டுகிறேன். பிரிக்க நேரமில்லை என்றால், இன்னும் பிரிக்கவில்லை என்றே எழுதலாம். நாங்கள் திட்ட மாட்டோம். அந்த அட்டை இன்னும் சுவரில் இருந்தால், ஆறாவது வரியைக் கிழித்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டிய பசை நான் காய்ச்சியது, சுலபத்தில் வராது.

இப்படிக்கு,
தங்கள் பிரிவின் பழைய ஆறாம் நம்பர்
(ஒப்பம்)

நாள்: பதினொன்று, திங்கள்
இடம்: தங்கள் அலுவலக வராந்தா பெஞ்சு

நகல்: என் மகளுக்கு. நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால், கண்ணாடிக்கு அடியில், அந்தக் கடிதத்துக்கு மேலே வைக்கப்படுகிறது.